பின் லோய் பாலத்தின் அடிப்பக்கம்

2023இல் சைகோன் போயிருந்தபோது ஆற்றங்கரைக் காப்பிக் கடைக்கார அம்மாள் என்னிடம் ஒரு படம் கேட்டார். பழைய இரும்புப் பாலத்தின் படம்தான். அந்தப் பாலத்தை நான் ஆண்டுக்கணக்கில் பைத்தியம் மாதிரிப் படம் எடுத்துக்கொண்டிருந்தவன் என்பது அவருக்குத் தெரியும். கைப்பேசியைத் திறந்து நீட்டினேன். நூற்றெழுபதுக்கு மேல் இருக்கும். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தவர், தான் கேட்டது இதில் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அவர் கேட்டது எந்தப் படம் என்பதைப் பிறகு சொல்கிறேன். அது மட்டும் என்னிடம் இல்லாமல் போனது எப்படி என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

நான் திருப்பூர்க்காரன். 2016 பிப்ரவரியில் வியட்நாமில் ஓர் ஆயத்த ஆடை ஆலைக்கு மெர்ச்சண்டைசராகப் போனேன். அரசாங்கத் தாள்களில் ஹோ சி மின் நகரம்; ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் சைகோன்தான். ஆலை தூ டுக் பக்கம், நான் தங்கியிருந்த அறை பின் தான் பக்கம், நடுவே சைகோன் ஆறு. 2013இல் திறந்த அகலமான சாலைப் பாலத்தில் தினமும் ஆற்றைக் கடப்பேன். பக்கத்திலேயே, அந்தக் கான்கிரீட் பிரம்மாண்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கிழம்போல, பழைய பின் லோய் ரயில் பாலம் தண்ணீரை ஒட்டிக் குனிந்து நிற்கும். 1902இல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது. 276 மீட்டர் நீளம், ஆறு கண். இரும்புச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாகப் பின்னி நிறுத்திய, பொறியாளர்கள் டிரஸ் என்று சொல்லும் வகைப் பாலம். சைகோனிலிருந்து வடக்கே ஹனோய் வரை போகிற ரயில் அத்தனையும் அப்போது அதன் வழியாகத்தான் போகவேண்டியிருந்தது.

அந்த ரயிலின் சத்தம்தான் என்னை முதலில் பிடித்தது. வியட்நாம் ரயில் இன்னும் மீட்டர் கேஜ். உடுமலையில் பாட்டி வீட்டுக்குப் பின்னால் பழனிக்குப் போகும் மீட்டர் கேஜ் ரயிலைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தத் தடத்தை அகலப்பாதையாக்கிய பிறகு அந்தச் சத்தம் என் வாழ்க்கையிலிருந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தேன். மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், முன்பின் தெரியாத ஓர் ஆற்றின் மேல், அதே ஒல்லியான தடதடப்பு. கூடவே இரும்புப் பாலம் சேர்த்துக்கொடுக்கிற ஒரு கணகணப்பு. மண்டபத்தில் தவில் வாசித்தால் எழுவதுபோல ஓர் எதிரொலி. அதற்காகவே வேலைக்கு அரை மணி முன்னதாகக் கிளம்பி ஆற்றங்கரையில் உட்காரத் தொடங்கினேன்.

நான் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட நிறையாத நேரம் அது. 2016 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து ஊரான பியென் ஹோவாவில் தோங் நாய் ஆற்றின் மேல் இருந்த கெங் பாலத்தின் தூணில் மணல் தோணி ஒன்று மோதியது. (ஆற்றின் பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், நானும் முதல் நாள் சிரித்தவன்தான்.) இரண்டு கண்கள் அப்படியே தண்ணீருக்குள் சரிந்தன. 1904ஆம் ஆண்டுப் பாலம். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் நாட்டின் வடக்கையும் தெற்கையும் கட்டியிருந்த ஒரே ரயில் தடம் அறுந்தது; சைகோனுக்கும் பியென் ஹோவாவுக்கும் நடுவே பயணிகளைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். சில மாதங்களில் மிச்சமிருந்த பழைய கண்களையும் கழற்றிவிட்டுப் புதுப்பாலம் கட்டி ரயிலை விட்டார்கள். செய்தியில் பார்த்த அந்தப் படம், ஆற்றுக்குள் முக்கால்வாசி முழுகிக் கிடந்த இரும்புக்கூடு, எனக்குள் ஒரு பதற்றத்தைப் போட்டுவிட்டது. பின் லோய் பாலத்தை இருக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற வெறி அதிலிருந்து வந்ததுதான்.

ஐஃபெல் கட்டாத பாலங்கள்

கரையோரத்தில் பாலத்தின் தொடக்கத்தைக் கையால் தொட முடிகிற இடம் ஒன்று இருந்தது. கவிழ்த்துவைத்த குழிப்பணியாரம் மாதிரி வரிசை வரிசையாக ரிவெட் தலைகள். மேலே எத்தனை பூச்சுப் பெயின்ட் என்று கணக்கில்லை. நகத்தால் சுரண்டினால் சாம்பலுக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே செங்காவி. ரிவெட்டைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி, இரண்டு தகடுகளின் துளைக்குள் செருகி, மறுமுனையை அடித்துத் தலையாக்குவார்கள். ஆறும்போது இரும்பு சுருங்கும். சுருங்குகிற வேகத்தில் தகடுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பாலத்தின் பிடிமானமெல்லாம் அந்தச் சுருக்கத்தில் இருக்கிறது. ஒரு ரிவெட்டுக்குக் காய்ச்ச ஒருவன், எடுத்துக் கொடுக்க ஒருவன், தாங்க ஒருவன், அடிக்க ஒருவன் வேண்டும். ஆற்று வெயிலில் அந்த உலைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் யார் என்று யோசித்துக்கொண்டே தடவிப் பார்ப்பேன். தகடுகளுக்கு இடையில் துரு புகுந்து பொங்கி, அவற்றைப் பிளந்து தள்ளிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். ஆனால் அதைப் படம் எடுக்கவில்லை. அழகாக இல்லை என்பதால்.

இந்தப் பாலத்தை யார் கட்டியது என்று யாரைக் கேட்டாலும் ஐஃபெல் என்பார்கள், பாரிஸ் ஈபிள் கோபுரத்துக்காரர். டாக்சி ஓட்டுநர் சொன்னார், ஆலையில் கணக்குப் பார்க்கும் பெண் சொன்னார், நானும் வீட்டுக்கு அனுப்பிய படங்களுக்குக் கீழே பெருமையாக அப்படித்தான் எழுதினேன். பிறகு கொஞ்சம் படித்தபோது வெட்கமாகிவிட்டது. பனாமா கால்வாய் ஊழல் வழக்கில் சிக்கிய குஸ்தாவ் ஐஃபெல் 1893இலேயே தன் நிறுவனத்தை விட்டு விலகிவிட்டார். அவர் பெயரும் பலகையிலிருந்து போய், அது லெவல்லுவா பெரே கட்டுமான நிறுவனம் ஆயிற்று. பின் லோய் பாலத்தைக் கட்டியது அந்த நிறுவனம். அதாவது ஐஃபெல் காலி செய்துவிட்டுப் போன கடை. ஹனோயின் லாங் பியென் பாலத்தையும் ஐஃபெல் கணக்கில்தான் எழுதுவார்கள்; அதைக் கட்டியவர்கள் தைதே எ பிலே என்ற பாரிஸ் நிறுவனத்தார் என்று பாலத்திலேயே பலகை இருக்கிறது. சைகோன் தலைமைத் தபால் நிலையமும் இப்படித்தான். வரைந்தவர் ஃபூலூ என்ற அரசாங்கக் கட்டடக் கலைஞர், பெயர் ஐஃபெலுக்கு. நம் ஊரில் கொஞ்சம் பழைய மண்டபம் என்றால் திருமலை நாயக்கர் கட்டியது என்போமே, அந்த மாதிரி.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாலத்தை இடிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, அதை இடிக்கக்கூடாது என்று எனக்குள் நான் நடத்திய வழக்கின் முதல் சாட்சியே ஐஃபெல்தான். அந்தச் சாட்சி பல்டியடித்ததும் என் கையில் என்ன மிஞ்சியது? மீட்டர் கேஜ் சத்தமும், காலை வெயிலில் தண்ணீரில் விழும் முக்கோண நிழல்களும். அதாவது என்னுடைய சுகம்.

காப்பிக் கடையில்

கரையில் ஒரு தார்ப்பாய்க்குக் கீழே நாலு பிளாஸ்டிக் முக்காலி போட்டு அந்த அம்மாள் காப்பி விற்றார். வியட்நாம்காரர்களிடம் எனக்குப் பிடித்த விஷயம், நம்மைப் போலவே உறவுமுறை இல்லாமல் ஒரு வாக்கியம்கூடத் தொடங்க மாட்டார்கள். முதல் நாளே என் வயதைக் கேட்டுக் கணக்குத் தீர்த்துக்கொண்டார். அவர் எனக்குச் ‘சி’, அதாவது அக்கா. தமிழ்க் காதுக்கு அது திட்டுவது மாதிரி இருக்கும், பழகிவிட்டது. நான் அவருக்கு ‘எம்’, தம்பி. டம்ளரில் பாலாடைக்கட்டி போலக் கெட்டியான இனிப்புப் பால், அதன் மேல் சொட்டுச் சொட்டாக இறங்கும் கறுப்பு டிகாக்‌ஷன், மேலே ஐஸ். ஒரு டம்ளர் இறங்கி முடிய ஒரு ரயில் போய்விடும்.

அங்கே உட்கார்ந்துதான் ஆற்றையும் கவனித்தேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் ஆற்றை நான் பாலத்தின் கண்ணாடியாகத்தான் பார்த்தேன். ஆகாயத் தாமரைக் கூட்டங்கள் காலையில் கடலை நோக்கிப் போகும். சில மணி நேரம் கழித்து அதே கூட்டங்கள் திரும்பி மேலே வரும். கடல் ஓதம் இவ்வளவு தூரம் ஏறி இறங்குகிற ஆறு அது. மூக்கில் சிவப்புப் பின்னணியில் கண் வரைந்த மணல் தோணிகள் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஏழெட்டு நங்கூரம் போட்டு நிற்கும். துணி காயும், அரிசி வேகும், குழந்தைகள் ஓடும். மிக அழகு என்று எடுத்துத் தள்ளினேன். ஏன் நிற்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. காலை உணவுக்கு நிறுத்தியிருப்பார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் இறங்கக் காத்திருந்தார்கள். ஓதம் ஏறியிருக்கும்போது பாலத்தின் அடிக்கும் தண்ணீருக்கும் நடுவே 1.8 மீட்டர்தான் இடைவெளி. உயரமான ஆள் நின்றால் தலை இடிக்கும். பாலத்தை மாற்றும் திட்டமே ரயிலுக்காக வந்தது அல்ல. அங்கிருந்து மேலே பென் சுக் வரை ஆற்றுவழியைத் திறந்துவிடுவதற்காக வந்தது. பக்கத்திலேயே எழும்பிக்கொண்டிருந்த புதுப்பாலத்துக்கு 7 மீட்டர் இடைவெளி. இதெல்லாம் செய்தித்தாளில் வந்த விவரங்கள். நான் படித்தும் இருந்தேன். எண்களாகப் படித்தேன்.

வேடிக்கை என்னவென்றால், 1902இல் கட்டும்போதே படகுகளுக்கு வழி வைத்திருந்தார்கள். ஒரு கண் தூணின் மேல் பக்கவாட்டில் சுழன்று திறக்கும்படி அமைத்தது. பாம்பனில் மேல்நோக்கித் தூக்கியதை இங்கே கதவுபோலத் திருப்பினார்கள். நான் போன காலத்தில் அது திரும்புவதை நிறுத்திப் பல காலம் ஆகியிருந்தது. கதவாகப் பிறந்தது சுவராகிவிட்டது. அந்தச் சுவருக்கு முன்னால்தான் தோணிகள் வரிசையில் நின்றன.

2019 செப்டம்பரில் புதுப்பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியது. பழையது அடுத்தபடியாக அகற்றப்படுவதற்காகச் சும்மா நின்றது. அந்த நாட்களில் ஒரு காலை, கடையில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த அரைகுறை வியட்நாம் மொழியில் புலம்பினேன். எவ்வளவு அழகான பாலம், நூறு வருடம் தாண்டியது, பாவமாக இல்லையா என்று கேட்டேன். அக்கா ஐஸ் உடைப்பதை நிறுத்தவில்லை. “என் தம்பி மத்தியானம் காலித் தோணியோடு மேலே போகிறான். கூடப் போய்ப் பார்த்துவிட்டு வா” என்றார். அவ்வளவுதான்.

காலித் தோணி

எனக்கு அதுவரை தெரியாத ஒன்றை முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துகொண்டேன். பாரம் ஏற்றிய தோணிக்குப் பாலம் பெரிய தொந்தரவு இல்லை. எடையில் அமிழ்ந்து, தாழ்ந்து போய்விடும். காலியாகப் போகும்போதுதான் தோணி தண்ணீருக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கும், கூரை இடிக்கும். சம்பாத்தியம் இல்லாத பயணத்துக்குத்தான் காத்திருப்பு அதிகம். அக்காவின் தம்பிக்கு ஐம்பது வயது இருக்கும். சுக்கான் அறையின் தகரக் கூரையை நாலு பக்கமும் கீல் வைத்து மடக்கும்படி செய்திருந்தார். தண்ணீர் போதுமான அளவு இறங்கிவிட்டதா என்று பார்க்க அவரிடம் அட்டவணை, கருவி எதுவும் கிடையாது. தூணில் பாசி படிந்த கோட்டைப் பார்த்தார். ஒரு சிகரெட் பிடித்தார். மறுபடி பார்த்தார். பிறகு இயந்திரத்தை முடுக்கி, கூரையைப் படபடவென்று மடக்கிக் கட்டிவிட்டு, என்னைப் பார்த்துக் கையைக் கீழ்நோக்கி அமர்த்தினார். படுத்துக்கொள் என்று அர்த்தம்.

தளத்தில் மல்லாந்து படுத்தேன். டீசல் நாற்றம், ஈரமணல், வெயில். வெயில் சட்டென்று அணைந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்த பாலத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஸ்லீப்பர் கட்டைகளின் கறுத்த அடிப்பாகங்கள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் நகர்ந்தன. அவற்றின் இடுக்கில் வெளிச்சம் கீற்றுக் கீற்றாக விழுந்தது. பக்கவாட்டில் அழகான முக்கோணங்கள் எதுவும் இல்லை. கனத்த குறுக்குச் சட்டங்கள்தான். அந்தச் சட்டங்களின் கீழ்விளிம்பு முழுக்க வண்ணம். பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள், மறுபடி நீலம். முதலில் யாரோ பூசியது என்று நினைத்தேன். உரசல்கள். நூறு வருடமாகக் கூரைகளும் கம்பங்களும் புகைக்குழாய்களும் இழுத்துவிட்டுப் போன பெயின்ட், ஒன்றின் மேல் ஒன்றாக, பள்ளிக்கூடச் சிலேட்டில் அழித்து அழித்து எழுதியது மாதிரி. ஓரிடத்தில் விளிம்பே மடங்கியிருந்தது. எந்தப் படகு எப்படி மோதியதோ. என் மூக்குக்கும் அந்த இரும்புக்கும் இரண்டு முழம் இருக்காது.

நடு வழியில் அவர் சுக்கானை விடாமல் ஒரு கையை மட்டும் உயர்த்தி, சட்டத்தில் நீளமான ஒரு வெளிர்நீலக் கீற்றைத் தொட்டார். “இது எங்களுடையது” என்றார். அப்பா காலத்தில், தோணியும் கூரையும் மரமாக இருந்தபோது ஏற்பட்டதாம். அன்றைக்குக் கூரை மொத்தமாகப் பெயர்ந்து ஆற்றில் போனதாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். கோபமாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. கோவில் தூணில் உபயதாரர் பெயரைக் காட்டுகிற தொனி அது.

கைப்பேசி என் கால்சட்டைப் பையில் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. எடுத்திருந்தாலும் கை மேலே போயிருக்காது. மூன்று நிமிடத்தில் மறுபக்க வெயிலுக்கு வந்துவிட்டோம்.

ரசனைக்கு வந்த சந்தேகம்

அன்று சாயங்காலம் என் ரசனையின் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. இந்தப் பாலத்தைப் போட்டது ஆற்றில் வாழ்ந்தவர்களுக்காக அல்ல. 1897இலிருந்து 1902 வரை இந்தோசீனாவின் தலைமை ஆளுநராக இருந்த பால் துமேர், உப்பு, சாராயம், அபின் மூன்றையும் அரசின் ஏகபோகமாக்கி, அந்த வருமானத்தின் பலத்தில் கடன் வாங்கி, ரயிலும் பாலமும் போட்டார். அபின் விற்ற காசில் ஊன்றிய தூண்கள் என்று சொன்னால் ரொம்பவும் தப்பாகாது. அந்தக் காலச் சைகோனில் நம்மவர்களும் இருந்தார்கள். பிரெஞ்சுக் குடிகளாகப் பாண்டிச்சேரி, காரைக்காலிலிருந்து போய் அரசாங்க வேலை பார்த்தவர்கள், சந்தையிலும் படகுத்துறையிலும் வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்தவர்கள், வட்டிக்கடை நடத்திய செட்டியார்கள். துருவோங் தின் தெருவில் மாரியம்மன் கோவில் இன்னும் இருக்கிறது. வியட்நாம் பெண்கள்தான் ஊதுபத்தி கொளுத்துகிறார்கள். ஆற்றில் போகிறவனிடம் காசு வாங்குகிற பக்கத்தில் நம் ஆட்களும் நின்றிருக்கிறார்கள். கரையில் உட்கார்ந்து அழகு பார்த்த எனக்கு அந்தப் பக்கம் இயல்பாகப் பொருந்திவிட்டதோ என்னவோ.

அதற்காகப் பாலம் போனதில் மகிழ்ச்சி என்று சொல்லவில்லை. இல்லை. 2020 மார்ச்சில் விடுப்பில் திருப்பூர் வந்தேன், விமானங்கள் நின்றன, திரும்பிப் போகவில்லை. நான் பனியன் கம்பெனி வாசலில் வெப்பமானிக்கு நெற்றியைக் காட்டிக்கொண்டிருந்த அந்த ஆண்டில்தான் அங்கே பாலத்தைக் கழற்றினார்கள். ஆலையில் கூட வேலை பார்த்த பையன் ஸாலோவில், அதாவது அந்த ஊர் வாட்ஸ்அப்பில், ஒரு படம் அனுப்பினான். தூண்கள் நிற்கின்றன, அவற்றுக்கு மேல் வெறும் ஆகாயம். பல் விழுந்த வாய் மாதிரி. அதைப் பார்த்து அழுகைதான் வந்தது, நியாயம் தெரிந்தும்.

நினைவுக்காகக் கரையோரத்தில் இரண்டு கண்களை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். 2023இல் முதல் வேலையாக அங்கேதான் போனேன். எங்கும் போகாமல் ஆற்றுக்குள் கொஞ்சதூரம் நீண்டு நின்றுவிடுகிற இரும்பு. முக்கோணங்கள் அப்படியே இருக்கின்றன, ரிவெட்டுகள் இருக்கின்றன. கரையில் இறங்கி, முட்டி மடக்கி, அடிப்பக்கத்தை எட்டிப் பார்த்தேன். துருவும் சாம்பல் பெயின்டும். வண்ணக் கீற்று ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. தோணிகள் உரசிய நடு ஆற்றுச் சட்டங்கள் போய்விட்டன. படம் எடுக்க ஏற்றது மிஞ்சியிருக்கிறது.

காப்பிக் கடை முன்பிருந்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி இருந்தது. அக்கா நரைத்திருந்தார். தம்பி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இப்போது நேரம் பார்ப்பதே கிடையாதாம், நினைத்தபோது போகிறான் வருகிறான் என்றார். கூரைக் கீலையெல்லாம் அறுத்துப் போட்டுவிட்டு வெல்டிங் வைத்துவிட்டானாம். அப்புறம்தான் அந்தப் படத்தைக் கேட்டார். அப்பாவின் நீலக் கோடு. தம்பி ஆசைப்படுகிறானாம். நீதான் இத்தனை படம் எடுத்தாயே.

ஊருக்கு வந்த பிறகு அத்தனை படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். 2018ஆம் ஆண்டுப் படம் ஒன்றின் இடது ஓரத்தில், நான் கவனிக்காமலே சட்டகத்துக்குள் வந்துவிட்ட ஒரு தோணி. கூரை மடக்கியிருக்கிறது, விளிம்பு நீலம் மாதிரித் தெரிகிறது. வெட்டி எடுத்து, இது உங்களுடையதா என்று கேட்டு ஸாலோவில் அனுப்பினேன். அன்று இரவே தம்பியிடமிருந்து பதில் வந்தது. எங்களுடையது இல்லை, மேல்கரைக்காரர் ஒருவருடையது என்று எழுதியிருந்தார். அடுத்த நிமிடம் இன்னொன்று: இதை எத்தனை மணிக்கு எடுத்தாய், தண்ணீர் இவ்வளவு மேலே நிற்கும்போது இவன் எதற்கு அதற்குள் கூரையை மடக்கினான்?